ரெண்டும் ஒத்து வரணும்

அந்த அக்காவிடம் யாரும் ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்லித் தப்பித்ததில்லை. "சாப்டியா?" என்பார். "ஆச்சிக்கா" என்போம். தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுவார். ஐந்து நிமிஷம் கழித்து, நாம் வேறு எதையோ அளந்துகொண்டிருக்கும்போது, "சாப்டியா?" என்று அதே கேள்வி, அதே குரலில், இப்போதுதான் கேட்பதுபோல வரும். இந்தத் தடவை வாய் உளறிவிடும். "இல்லக்கா, காலையில ரெண்டு பிஸ்கட்டு..." உடனே உள்ளே போய்த் தட்டை எடுத்து வருவார். "முதல்ல சொன்னது மரியாதை. ரெண்டாவது சொன்னதுதான் பசி."

முல்லா வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் மாடி வீடு. ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு அவர் பழக்கமானதே அங்கேதான். சர்க்கரை பார்க்கப் போனேன். வலது கையில் குத்தினார். சீட்டில் எழுதினார். பிறகு இடது கையை நீட்டச் சொன்னார். "அக்கா, ரெண்டு கையும் ஒரே ஆளோடதுதான்" என்றேன். "அதைத்தான் பாக்கறேன்" என்றார்.

ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். "ஒரு ரிப்போர்ட்டை ஒரே ஒரு தடவை பாத்துட்டு அனுப்பிட்டேன்" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார். அந்தக் கேள்வியை மட்டும் இரண்டாவது தடவை கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

வைத்திக்குப்பம் கடற்கரையில் மீன் வாங்கப் போனாலும் இதே கூத்துதான். "எப்ப பிடிச்ச மீனு?" என்று கேட்பார். படகுகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து மறுபடி கேட்பார். மீன்காரம்மா ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "இந்தம்மா தலை தெரிஞ்சா போதும், நாங்க எல்லாம் கூடிப் பேசி ஒரே பேச்சா வெச்சிக்குவோம். அப்பவும் மாட்டிக்கிறோமே!"

இப்போது அவர் மகனோடு கனடாவில் இருக்கிறார். அங்கே பனி பெய்தால் ஜன்னலை ஒரு தடவையும் கதவை ஒரு தடவையும் திறந்து பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

இங்கே இருந்தவரை, ஓய்வு பெற்ற பிறகு, வீட்டிலேயே சிடி காப்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது அவர் தேடிப் போன வேலையல்ல. கணவர் சவூதியில் இருந்த காலத்தில் வாங்கிச் சேர்த்த பாட்டு சிடிகள் இரண்டு அலமாரி நிறைய இருந்தன. அவர் காலமான பிறகு மகன் அந்தப் பாட்டையெல்லாம் அனுப்பச் சொல்லிக் கேட்டான். அக்கா ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரர் ஒரே நாளில் எடுத்துக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து கேட்டால் அங்கங்கே 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். "கடையில பாட்டை எடுத்துட்டு நடுவுல பல்லியை வெச்சிக் குடுத்துட்டாங்க" என்றார். கோபத்தில் மகனிடம் போனிலேயே பாடம் கேட்டு, தானே செய்ய ஆரம்பித்துவிட்டார்.

அதற்கு அவர் வைத்திருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டரும், வெவ்வேறு காலத்து சிடி டிரைவ் மூன்றும். திரையில் படமோ பட்டனோ கிடையாது. கறுப்புத் திரை. அதில் ஒரு வரி தட்டெழுதுவார், என்ட்டரைத் தட்டுவார். அவ்வளவுதான். "ஏன்க்கா, மவுஸை வெச்சி அழுத்தற மாதிரி எத்தினியோ வந்துடுச்சே?" என்றால், "பட்டனை அழுத்தினா 'முடிஞ்சிது'ன்னு மட்டும்தான் சொல்லும். எப்படி முடிஞ்சிதுன்னு சொல்லாது. இது நான் எழுதினதைச் செய்யும், செஞ்சதை எழுதிக் காட்டும்" என்பார்.

அந்தச் செயலியும் அக்காவுக்குத் தம்பி முறைதான் ஆகவேண்டும். சிடியில் ஒரு துண்டைப் படிக்கும். நம்பாது. திரும்பப் படிக்கும். இரண்டும் ஒத்து வந்தால்தான் அடுத்த துண்டுக்கு நகரும். இத்தனைக்கும் பிறகு அக்கா சிடியை வெளியே எடுத்துத் துடைத்து, வேறு டிரைவில் போட்டு முழுசும் மறுபடி படிக்க வைப்பார். ஒவ்வொரு படிப்புக்கும் கம்ப்யூட்டர் எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நீளமான அடையாள எண் போட்டுக் கொடுக்கும். ஓர் இடத்தில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் எண் அடியோடு வேறாகிவிடும். இரண்டு எண்ணும் ஒன்றா என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும்தான். அக்கா அதையும் நம்பமாட்டார். வந்தவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வார். நாம் "எட்டு, ஏ, நாலு, நாலு, சி" என்று கிளப்பில் தம்போலா கூப்பிடுகிற ஆள் மாதிரி கூவ, அவர் திரையைப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே வருவார்.

இந்தப் பெண்மணியிடம்தான் நான் பொய் சொல்லப் போனேன்.

எங்கள் வீடு உழவர்கரையில், மூன்றாவது மாடி. பால்கனியின் பத்திரம் எங்கள் பெயரில், அனுபவ பாத்தியதை புறாக்களுக்கு. எதிர்வீட்டில் பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலில் மின்னினால் புறா அண்டாதாம். "நீங்களும் ஏதாவது செய்யுங்களேன்" என்றாள் என் மனைவி. அவள் சொல்லி நான் உடனே செய்த ஒரே காரியம் அதுதான். மேசை இழுப்பறையில் பெயர் எழுதாத சிடி ஐந்து கிடந்தன. காகித உறையை உருவி இழுப்பறையிலேயே போட்டுவிட்டு, கட்டுக்கம்பியில் கோத்துத் தொங்கவிட்டேன். மறுநாள் ஒரு புறா அதில் முகம் பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு மாசம் கழித்து என் மனைவி சொன்னாள்: "பப்பாவோட மூணாவது வருஷப் பூசைக்கு எங்கக்காவும் தங்கச்சியும் பிரான்ஸ்லேருந்து வராங்க. பூசை முடிஞ்சி வந்ததும் எல்லாரும் உக்காந்து அந்த சிடியைக் கேக்கணும்."

அந்த சிடியைப் பற்றிச் சொல்லவேண்டும். என் மாமனாருக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று தேதி குறித்துவிட்டார்கள். மனிதர் அதற்கு முந்தின வாரம் தனியாக ஒரு சின்ன ஸ்டூடியோவுக்குப் போய், மாதா கோவிலில் தான் பாடுகிற நாலு பாட்டையும், மூன்று மகள்களுக்கு ஆளுக்கொரு பேச்சையும் பதிந்து எடுத்து வந்தார். அதன் பிறகு நாலு வருஷம் சிலேட்டில் எழுதித்தான் பேசினார். அவர் இருந்தவரை யாரும் அதைப் போடவில்லை. பேச முடியாத மனிதர் எதிரில் அவர் குரலையே எப்படிப் போடுவது? அடக்கத்தன்று ஒரே ஒரு தடவை போட்டார்கள். அழுகைச் சத்தத்தில் யார் காதிலும் ஒன்றும் ஏறவில்லை. என் மனைவி நடுப்பெண். "பப்பா எனக்குச் சொன்னதை நான் இன்னும் சரியா கேக்கவே இல்ல" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

இழுப்பறையைத் திறந்தாள். வெறும் காகித உறையை எடுத்தாள். அதில் 'பப்பா' என்று பிரெஞ்சு எழுத்தில், பென்சிலில், மெல்லிசாக எழுதியிருந்தது. "சிடி எங்க?"

அவளுக்குப் பின்னால் பால்கனியில் அது காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய வெளிச்சப் பொட்டு ஒன்று அவள் தோளில் ஏறி, காதில் உட்கார்ந்து, சுவரில் ஓடி, மறுபடி தோளுக்கு வந்தது.

"காப்பி எடுக்கக் குடுத்திருக்கேன்" என்றேன்.

"யாருகிட்ட?"

"அந்த... ரத்த டெஸ்ட் அக்காகிட்ட."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல காரியம் பண்ணீங்க." கல்யாணமான நாளிலிருந்து நான் பாராட்டு வாங்கிய தருணங்கள் குறைவு. அதில் ஒன்று இப்படியா அமையவேண்டும்?

அவள் கடைக்குப் போன நேரத்தில் ஐந்து சிடியையும் அவிழ்த்தேன். மாமனாருடையது எது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பிளேயரில் போட்டேன். நாலில் வேறு யார் யாரோ பாடினார்கள். ஐந்தாவதைப் போட்டதும் பிளேயர் கொஞ்ச நேரம் முக்கிவிட்டு, உள்ளே சிடியே இல்லை என்று எழுத்தில் காட்டியது. இருக்கிறதை இல்லை என்று சொல்ல அதற்கு என்னைவிட நன்றாக வந்தது. பூசைக்கு எட்டு நாள் இருந்தது.

அக்கா சிடியை ஓரத்தில் மட்டும் பிடித்து, விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தார்.

"என்னா ஆச்சி?"

"கீழ விழுந்துடுச்சிக்கா."

தலையை ஆட்டினார். மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தார். டீ போட்டுக் கொடுத்தார். நான் கனடாவில் மகன் சௌக்கியமா என்று விசாரித்து, பேச்சு நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, "என்னா ஆச்சின்ன?" என்றார்.

"பூனைக்கா. பூனை பிராண்டிடுச்சி."

"முதல்ல கீழ விழுந்திச்சி. இப்ப பூனை. இன்னொரு தடவை கேக்கவா?"

"புறாக்கா" என்றேன்.

முழுசும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. சிடியின் அடிப்பக்கத்தைக் காட்டினார். துளையிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி, நிலா மாதிரி வளைவாக ஒரு கீறல். நான் கட்டின கம்பியின் நுனி நீட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. காற்றில் சிடி சுற்றச் சுற்ற, அது ஒரே இடத்தில் கோடு போட்டிருக்கிறது.

"குறுக்கால கீறியிருந்தா பொழைச்சிக்கும். பாட்டு வட்டமா ஓடுது, கீறலும் வட்டமா ஓடியிருக்கு. ஒரே இடத்தை விடாம தின்னிருக்கும். வெயில் வேற. பாக்கறேன். வாக்குக் குடுக்கமாட்டேன்."

அவரிடம் இருந்த மிகப் பழைய டிரைவில் போட்டு, வேகத்தை மிகவும் குறைத்து, அந்த ஒரு வரியைத் தட்டினார். கறுப்புத் திரையில் ஒரு கோடு நகர ஆரம்பித்தது. அதன் ஓரத்தில் ஒரு குட்டி முகம் வந்து உட்கார்ந்தது: :-) தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கும். நன்றாகப் படித்தால் சிரிக்கும், திணறினால் வாய் நேர்க்கோடாகும், கீறல் தட்டினால் வாய் கவிழும், இனி முடியாது என்று கைவிட்டால் கண்ணில் ஒரு துளி சொட்டும். யாரோ ஒரு புண்ணியவான் வேலை மெனக்கெட்டு இதையெல்லாம் செய்து வைத்திருக்கிறான், என்னைக் கொல்வதற்கு.

நாலு பாட்டும் சிரித்துக்கொண்டே போயின. பெரிய மகளுக்கான பேச்சும் போனது. நான் நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகொண்டேன். நடுமகள் பேச்சு ஆரம்பித்துச் சற்று நேரத்தில் முகத்தின் வாய் நேராகியது. பிறகு கவிழ்ந்தது. கோடு நின்றுவிட்டது. டிரைவ் உள்ளே கரகரவென்று முன்னும் பின்னும் தேடுகிற சத்தம். பிறகு கோட்டின் மேல் ஒரு குறி விழுந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. படம் வரைகிற பிள்ளைகள் வானத்தில் பறவை போடுவார்களே, இரண்டு கோட்டில், அதே மாதிரி. வரிசையாக ஐந்தாறு.

"அது என்னக்கா?"

"படிக்க முடியாம விட்டுட்டுப் போன இடம்."

"அக்கா, பாத்தா புறா மாதிரியே இருக்கு" என்றேன். பயம் வந்தால் எனக்கு வாய்தான் முதலில் ஓடும், கால் பிறகுதான். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாலு நாள் மூன்று டிரைவிலும் மாற்றி மாற்றிப் போட்டார். தினமும் வேலை முடிந்ததும் போய் நின்றேன். வீட்டில் மனைவி "ஆயிடுச்சா?" என்பாள். "அக்காவைத் தெரியும்ல, எல்லாம் ரெண்டு தடவை" என்பேன். அக்காவின் நல்ல பெயரில் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் எல்லாப் பேச்சுக்கும் எண்கள் ஒத்து வந்தன, நடுமகளுடையதைத் தவிர. அதிலும் விடுபட்ட இடத்தைக் குறைத்துக் குறைத்து இரண்டே விநாடிக்குக் கொண்டுவந்திருந்தார். அந்த இரண்டு விநாடி மட்டும் ஒவ்வொரு படிப்பிலும் ஒவ்வொரு இரைச்சலாக வந்தது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மௌனத்தை வைத்திருந்தார். போட்டுக் காட்டினார்.

பெரிய பெண்ணுக்கு மாமனார் நிறையப் புத்தி சொல்லியிருந்தார். சின்னப் பெண்ணை நிறையக் கொஞ்சியிருந்தார். நடுப்பெண்ணுக்குத்தான் எல்லாரையும்விடச் சின்னப் பேச்சு. "உனக்கு நான் என்ன சொல்றது? உனக்கே தெரியும்." அங்கே ஒன்றுமில்லை. இரண்டு விநாடி. பிறகு, "சரி. ஜாக்கிரதையா இரு."

சொல்ல வந்த விஷயம் முழுக்க அந்த ஓட்டைக்குள் போயிருக்கிறது.

"அக்கா, பெரிய பொண்ணுகிட்ட பேசும்போது 'என் தங்கம்'னு ஒரு இடத்துல சொல்றாரே. அதை வெட்டி இங்க ஒட்டிடுங்க. யாருக்கும் தெரியாது."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அதுவே ரெண்டு பேரு." குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "செத்த மனுசன் சொல்லாததை அவரு வாயில வெக்கச் சொல்றியா? உன் பொண்டாட்டி ஆயுசுக்கும் அதைக் கேட்டு அழுவா. எதுக்கு அழுவா? நீ வெட்டி ஒட்டினதுக்கு."

அக்கா சிடியை டிரைவிலிருந்து வெளியே எடுத்தார்.

"சிடி யாருது?"

"அவளுது."

"அவகிட்டதான் தருவேன். கூட்டிகிட்டு வா."

அன்று ஸ்கூட்டரில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். சோகமாக ஒன்று, வீரமாக ஒன்று, நெஞ்சுவலி வருவதாக ஒன்று. மாடி ஏறி, செருப்பைக் கூடக் கழற்றாமல், "பப்பா சிடியைப் புறாவுக்குக் கட்டிட்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். "நீ..." என்றாள். எங்கள் வீட்டில் 'நீங்க' போய் 'நீ' வந்தால் வானிலை எச்சரிக்கை என்று அர்த்தம். அக்கா அவளைக் கூட்டிவரச் சொன்னதையும் சொன்னேன். சேலையை மாற்றிக்கொண்டு வந்து, ஸ்கூட்டர் பக்கத்தில், என்னைப் பார்க்காமல் நின்றாள்.

அக்கா அவளுக்கு ஒன்றையும் மறைக்கவில்லை. எந்த டிரைவ், எத்தனை தடவை, எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை கிடைக்கவில்லை என்று அச்செடுத்த தாளை வாசித்துக் காட்டினார். பிறகு போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "அந்த இடத்துல என்னா சொன்னாருக்கா?" என்றாள்.

"தெரியலம்மா. தெரிஞ்ச மாதிரி சொல்லமாட்டேன்."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு நீங்களும் இருந்தீங்களே. உங்களுக்காவது ஞாபகம் இருக்கா?"

அடக்கத்தன்று நான் வாசலில் நின்று வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டு, யாரையோ சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். "இல்ல" என்றேன். அக்கா அதை என்னிடம் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

பூசை முடிந்து சிடியை அந்த மௌனத்தோடேயே போட்டார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம் நானே சொன்னேன். மச்சினி இன்றைக்கும் பிரான்சிலிருந்து எனக்கு மட்டும் தனியாகப் புறாப் படம் அனுப்புகிறாள். அதெல்லாம் பரவாயில்லை. தாங்க முடியாதது ஞாயிற்றுக்கிழமைகள்தான். கோவிலுக்குப் போய் வந்ததும் மனைவி அதைப் போட்டுக் கேட்பாள். கேட்டுவிட்டு, இட்லியைப் பிட்டுக்கொண்டே, "'உன்னை நம்பித்தான் இருக்கேன்'னு சொல்லியிருப்பாரோ?" என்பாள். அடுத்த வாரம், "'உன்னை சரியா பாத்துக்கல'ன்னு சொல்லியிருப்பாரு" என்பாள். அந்த இரண்டு விநாடி வாராவாரம் நீண்டுகொண்டே போனது. நான் சொன்ன ஜோக்குக்கு அவள் சிரித்து அரை வருஷம் ஆகியிருந்தது.

அப்போதுதான் அக்கா போன் செய்தார். விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரை மூடுகிறார்களாம், அங்கே ஒரு பழைய டிரைவ் கிடைத்ததாம். நான் அந்தப் பேச்சை மறக்கப் பார்த்த மாசங்களில் இந்த அம்மாள் டிரைவ் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். "சிடியை எடுத்துகிட்டு ரெண்டு பேரும் வாங்க."

போனோம். வரியைத் தட்டினார். முகம் வந்தது. நடுமகள் பேச்சு ஆரம்பித்தது. வாய் நேராகியது. நான் என் மனைவியின் கையைப் பிடிக்கப் போனேன், அவள் இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்து வைத்திருந்தாள். டிரைவ் கரகரத்தது, நின்றது, மறுபடி கரகரத்தது. வாய் கவிழ்ந்தது. நான் மாதாவிலிருந்து ஆரம்பித்து எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டுவிட்டேன். கோடு நகர்ந்தது. பறவை விழவில்லை.

அக்கா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சிடியை வெளியே எடுத்தார். துடைத்தார். அரை மணி நேரம் டிரைவை ஆறவிட்டார். மறுபடி போட்டார். மறுபடி அதே திணறல், அதே நகர்வு. சீட்டை என்னிடம் நீட்டினார். "படி."

படித்தேன். என் குரல் எனக்கே ஆட்டுக்குட்டி கத்துவதுபோலக் கேட்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் அக்கா டிக் அடித்தார். கடைசி எழுத்து வந்தது. அதற்கும் டிக் அடித்தார்.

"ஒத்து வந்துடுச்சி" என்றார். ஒலியைப் போட்டார்.

"உனக்கு நான் என்ன சொல்றது? உனக்கே தெரியும்."

பிறகு ஓர் இருமல்.

அவ்வளவுதான். சொல்லே இல்லை. தொண்டையைச் செருமி, அடியிலிருந்து ஒரே ஓர் இருமல். "சரி. ஜாக்கிரதையா இரு."

இதற்கா அரை வருஷம் என்று என் வாயில் ஒரு ஜோக் நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருப்பேன். அதற்குள் என் மனைவி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். திரையைப் பார்க்கவில்லை, அக்கா வீட்டு வாசற்கதவைப் பார்த்து நின்றாள்.

"பப்பா வீட்டுக்கு வந்து கேட்டைத் திறக்கும்போது இப்படித்தான் இருமுவாரு" என்றாள். "உள்ள நாங்க மூணு பேரும் எழுந்துடுவோம். ஆபரேஷனுக்கப்புறம் அதுவும் வரல."

அவளோடு நானும் எழுந்து நின்றேன். அக்கா ஒலியை நிறுத்தினார். எங்களை உட்காரச் சொல்லவில்லை.